தள்ளிக்கொண்டு போகும் தூரம்

காலை எட்டேகால் மணிக்கு, போய்ச் சேரவேண்டிய அலுவலகம் இன்னும் ஆறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கையில், பின்சக்கரத்திலிருந்து முதலில் ஒரு மெல்லிய சீறலும், அதை அடுத்து சீட்டுக்குக் கீழே ஏதோ நழுவிப் போகிறாற்போன்ற ஒரு தளர்ச்சியும், கடைசியில் ரிம் தார்ச்சாலையோடு நேருக்கு நேர் மோதத் தொடங்கும் கடகடப்பும் வரிசையாக வந்து சேருமானால், சைக்கிளில் உத்தியோகத்துக்குப் போகிறவனுக்கு அந்தக் கணத்தில் உலகத்தின் மற்ற விவகாரங்களெல்லாம் அற்பமாகிவிடுகின்றன. அவன் இறங்குகிறான், குனிந்து டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறான். அமுக்கிப் பார்க்காமலே தெரிந்த சமாசாரந்தான். ஆனாலும் நாடியைப் பிடித்துப் பார்க்காமல் முடிவைச் சொல்ல எந்த வைத்தியருக்கு மனம் வரும்? பிறகு நிமிர்ந்து சாலையின் இரு பக்கமும் நோக்குகிறான். அப்போது அவன் கண் தேடுவது பஸ்ஸையன்று, தெரிந்த முகத்தையுமன்று. மரத்தடியில் தொங்கும் ஒரு பழைய டயரை.

நம் ஊரில் பஞ்சர் கடைக்கு அதைவிடப் பெரிய விளம்பரப் பலகை வேண்டியிருந்ததில்லை. கிளையிலோ கம்பத்திலோ மாட்டிய ஒரு தேய்ந்த டயர், அதன் கீழே கறுத்த தண்ணீர் நிறைந்த ஓர் இரும்புச் சட்டி, ஒரு கைப்பம்பு, ஒரு மரப்பெட்டி, பெட்டியின்மேல் ஒரு மனிதர்: இவ்வளவே அந்த ஸ்தாபனம். வில்லிவாக்கத்திலிருந்து பாரிமுனைக்கு 26 ஆண்டுகளாகச் சைக்கிளில் போய்வருகிற எனக்கு, வழியில் இப்படிப்பட்ட ஸ்தாபனங்கள் ஏழு பரிச்சயமாக இருந்தன. எந்த இடத்தில் காற்று இறங்கினாலும் பத்து நிமிஷம் தள்ளினால் ஏதாவது ஒன்றின் நிழலுக்குப் போய்விடலாம். இன்றைக்கு அவற்றில் மிச்சம் இரண்டு. இந்தக் கணக்கை நான் காகிதத்தில் போடவில்லை. சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, வழக்கமான வாகை மரத்தடியை நம்பித் தள்ளிக்கொண்டு போனபோது கால்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு அது. மரம் இருந்தது, மரத்தைச் சுற்றிப் புதிதாகக் கட்டிய வட்டமான கல்மேடை இருந்தது, வழுவழுப்பான கற்கள் பாவிய விசாலமான நடைபாதை, பார்க்கிறவர் மெச்சும்படி, இரு புறமும் நீண்டு கிடந்தது. டயர் இல்லை, சட்டி இல்லை, அந்த மனிதரும் இல்லை. அன்று நான் தள்ளிய நேரம் ஐம்பது நிமிஷம். அந்த ஐம்பது நிமிஷத்தில் ஒன்பது பேர் "என்ன சார், பஞ்சரா?" என்று அன்போடு விசாரித்தார்கள், சைக்கிளைத் தோளில் போட்டுக்கொள்ளாமல் தள்ளிக்கொண்டு போகிறவனிடம் வேறு என்ன கேட்பது என்று அவர்களுக்கும் தோன்றியிராது.

சைக்கிளுக்கு வேண்டியது பாதை என்று சொல்லுகிறவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்லுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். எத்தனை அழகான பாதையைப் போட்டாலும், தள்ளிக்கொண்டு போகும் தூரத்துக்குள் ஒட்டுப் போடத் தெரிந்த கை ஒன்று இல்லையென்றால், அந்தப் பாதையில் பிழைப்புக்காகச் சைக்கிள் மிதிப்பவர் நிலைக்கமாட்டார். உல்லாசத்துக்காக மிதிப்பவரே மிஞ்சுவார்.

இந்த உண்மை டயர் பிறந்த நாளிலிருந்தே அதனோடு கூட வருவது. காற்றடைத்த சக்கரத்துக்கு முதலில் காப்புரிமை பெற்றவர் ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், ஆண்டு 1845. குதிரைவண்டிகளின் காலத்தில் அதற்கு ஆதரவில்லாமல் அது மறக்கப்பட்டது. நாற்பது வருஷங்களுக்கு மேலான பிறகு, பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியராயிருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் சிறுவனின் மூன்று சக்கர வண்டிக்கு ரப்பர்க் குழாயில் காற்றடைத்துக் கட்டிப் பார்த்து, அது புதிய கண்டுபிடிப்பென்றே நம்பி 1888-இல் காப்புரிமை வாங்கினார். ஆனால் அந்த டயர் சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்தது. 1889-இல் பிரான்ஸ் தேசத்துக் கிளெர்மோன்-ஃபெரான் நகரிலிருந்த மிஷலின் சகோதரர்களின் தொழிற்சாலைக்கு ஒரு பிரயாணி பஞ்சரான சைக்கிளோடு வந்து சேர்ந்தாரென்றும், பிரித்து ஒட்ட மூன்று மணி நேரமும், ஒட்டு உலர ஓர் இரவும் பிடித்தனவென்றும் அவர்களுடைய சரித்திரத்தில் சொல்லப்படுகிறது. அந்த இரவு எதுவார் மிஷலினை உறுத்தியிருக்க வேண்டும். கழற்றி மாட்டக்கூடிய டயரை அவர் உண்டாக்கினார்; 1891-இல், பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர்ப் பந்தயத்தில், அதை மாட்டிக்கொண்டு ஓட்டிய சார்ல் தெரோன் முதலாவதாக வந்தார். மிருதுவாக ஓடுகிறது என்பதற்காக மட்டும் ஜனங்கள் காற்று டயரை ஏற்றுக்கொண்டுவிடவில்லை; நடுவழியில் கெட்டாலும் நடுவழியிலேயே திருத்திக்கொள்ளலாம் என்ற தைரியம் வந்தபிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தத் தைரியத்தை நம் மரத்தடிக்காரர் எப்படி வழங்கினார் என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் நுட்பம் தெரியும். செயின் கவர், மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு என்று நாலு பேர் கூடிப் பிடித்துக்கொண்டிருக்கும் பின்சக்கரத்தை அவர் கழற்றுவதேயில்லை. வண்டியை நிறுத்தியபடியே, தேய்ந்து பளபளக்கும் இரண்டு இரும்புப் பட்டைகளால் டயரின் ஒரு விளிம்பை மட்டும் நெம்பி வெளியே தள்ளி, வால்வைக் கழற்றி, தலையணையை உறையிலிருந்து உருவுவதுபோல் டியூபை உருவி எடுக்கிறார். பிறகு அதில் காற்றடித்து, சட்டித் தண்ணீரில் சாண் சாணாக அமுக்கிக்கொண்டே வருகிறார். குமிழி எழும்பும் இடந்தான் ஓட்டை. சில வேளைகளில் தண்ணீருக்கு முன்னால் அவருடைய கன்னமே அதைக் கண்டுபிடித்துவிடும்: டியூபை முகத்தருகே மெல்ல நகர்த்திக்கொண்டு போகையில் ஓர் இடத்தில் சட்டென்று நிறுத்துவார், ஊசிமுனையளவு காற்று அங்கே அவரைத் தொட்டிருக்கும். அந்த இடத்தைத் துடைத்து, அரத்தால் ராவிச் சொரசொரப்பாக்கி, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவிவிட்டு, அவர் சும்மா இருப்பார். நான் கண்டவரையில் கற்றுக்குட்டிகள் தவறுவது இந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான். பசை ஈரமாயிருக்கும்போதே ஒட்டுவதுதான் முறை என்று நாம் நினைக்கிறோம். அதன் பளபளப்பு அடங்கி மங்கலாகும்வரை பொறுத்தால்தான் ஒட்டுப் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த அவகாசத்தில் பழைய டியூபிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அதன் மூலைகளை வட்டமாக நறுக்கிக்கொள்கிறார், கூரான மூலை இருந்தால் அங்கேதான் முதலில் பிரியும் என்பதனால். வைத்து, அழுத்தி, மரச்சுத்தியால் நாலு தட்டுத் தட்டி, மறுபடியும் தண்ணீரில் காட்டி, எல்லாம் முடிந்தது என்று நாம் சில்லறையை எடுக்கும்போது அவர் டயரின் உட்புறத்தில் விரல்களை விட்டுச் சுற்றிலும் தடவுகிறார். குத்திய முள் உள்ளேயே இருந்தால் பத்து நிமிஷத்தில் நாம் திரும்பி வருவோம் என்பது அவருடைய அனுபவம்; திரும்பி வந்தால் இன்னொரு கூலி கிடைக்கும் என்று நினைக்கிறவர் விரலை விடமாட்டார்.

'வால் டியூப்' சமாசாரம் ஒன்று இருக்கிறது. சாதாரணச் சைக்கிளின் வால்வின்மீது மெல்லிய ரப்பர் உறை ஒன்று செருகியிருக்கும். அதற்கு 'வால்வ் டியூப்' என்று பெயர். சென்னையின் நாக்கு அதை 'வால் டியூப்' ஆக்கி, டயருக்கு ஒரு வாலையும் கற்பித்துவிட்டது. பஞ்சர் என்று நினைத்து வியர்க்க வியர்க்கத் தள்ளிக்கொண்டு வருவது பல நாட்களில் இந்த வால் கிழிந்ததாகத்தான் இருக்கும். வாகை மரத்துப் பெரியவர் அதைப் பார்த்ததும், "பஞ்சர் இல்ல சார், வால் டியூப்தான் போயிருக்கு, அஞ்சு ரூபா குடுங்க" என்பார். நாற்பது ரூபாயை நான் எடுத்து நீட்டத் தயாராக நிற்கிறேன் என்பது அவருக்குத் தெரியாததன்று.

பஞ்சரைத் தலைவிதியின் கணக்கில் எழுதிவிடுவது நம் வழக்கம். எனக்கென்னவோ அதில் பெரும்பங்கு சாலைப் பராமரிப்பின் கணக்கில் எழுதவேண்டியதாகத் தோன்றுகிறது. கனத்த வண்டிகளின் சக்கரங்கள் சாலையின் நடுப்பாகத்தைத் தாமே பெருக்கிச் சுத்தமாக வைத்துக்கொள்கின்றன. அங்கிருந்து சிதறுகிற ஆணி, புட்டித் துண்டு, கட்டட வேலையில் கம்பி கட்டும் கட்டுக்கம்பி, வெடித்த லாரி டயரிலிருந்து உதிரும் மயிரிழை போன்ற எஃகுக் கம்பி ஆகிய சகலமும் இடது ஓரத்தில் போய் ஒதுங்குகின்றன. சைக்கிள்காரனை எந்த ஓரத்தில் போகச் சொல்லியிருக்கிறோமோ அதே ஓரம். துடைப்பம் காகிதத்தையும் சருகையும் கொண்டுபோகும். கம்பி மண்ணோடு தங்கும். மழைக்காலத்தில் இது இன்னும் மோசம். ரப்பரை அறுக்க வேண்டியவர் கத்தியைத் தண்ணீரில் நனைத்துக்கொள்வாரே, அந்த உபகாரத்தை மழை கண்ணாடித் துண்டுக்குச் செய்துகொடுக்கிறது. காலி மனைகளின் ஓரத்திலோ நெருஞ்சி. எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேல்நோக்கி நிற்கும்படி அதன் காயைப் படைத்திருக்கிற சாமர்த்தியம் நம் நாட்டுப் பாதசாரிகளுக்குப் பழக்கமானது. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்துப் பாய்ஸி நகரத்தார், தங்கள் ஊருக்கு வந்தேறிய இதே நெருஞ்சியால் டயர்கள் படும் பாட்டைக் கண்டு, 2018-இல் அதன் பெயரிலேயே ஒரு சைக்கிள் திருவிழாவை ஏற்படுத்தி, ஊர் கூடிச் செடியைப் பிடுங்கிக் குவித்தார்கள். நமக்குத் திருவிழாக்களுக்குக் குறைவில்லை; ஓரத்தைப் பெருக்கினால் போதும்.

குற்றம் முழுவதும் சாலையினுடையது என்று நான் வாதாடமாட்டேன். சோம்பேறித்தனத்தால் வாரக்கணக்கில் காற்றடிக்காமல் ஓட்டி, தளர்ந்த டயரோடு ஒரு பள்ளத்தின் விளிம்பில் மோதினால், டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் அக்கம்பக்கமாக இரண்டு ஓட்டைகள் விழும். அப்படிப்பட்ட டியூபைத் தண்ணீரில் அமுக்கியதும் பெரியவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். அந்தப் பார்வைக்கு அஞ்சியே நான் இப்போது ஞாயிறுதோறும் காற்றடித்துக்கொள்கிறேன்.

"நீங்களே ஒட்டக் கற்றுக்கொள்ள வேண்டியதுதானே?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். அவர் கியர் வைத்த விலையுயர்ந்த சைக்கிளில் விடுமுறை நாட்களில் மாமல்லபுரம்வரை போய்வருகிறவர். சீட்டுக்கு அடியில் சிறு பையும், பைக்குள் ஒட்டும், பம்பும், மாற்று டியூபும் உடையவர். அவருடைய சக்கரம் ஒரு நெம்புகோலைத் திருப்பினால் கையோடு வந்துவிடுகிறது. அவர் சொல்வது நியாயந்தான். நானும் கற்றுக்கொண்டேன், சொல்யூஷனும் உப்புத்தாளும் என் பையிலும் இருக்கின்றன. ஆனால் வெள்ளைச் சட்டையோடு, ஒன்பதரை மணிக்குக் கையெழுத்துப் போடவேண்டிய நிர்ப்பந்தத்தோடு, நடைபாதையில் குந்தி, செயினின் கறுப்பைக் கையெல்லாம் பூசிக்கொண்டு செய்கிற வேலையை, வீட்டுத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை செய்து பழகிய வேலையோடு ஒப்பிட முடியாது. என்னை விட்டுவிடுங்கள், நான் தாமதித்தால் ஒரு சிவப்புக் கோடு விழும், அவ்வளவுதான். 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில், விவசாயமும் வீட்டுத் தொழிலும் நீங்கலான மற்ற வேலைக்காரர்களில், நூற்றுக்கு ஏறக்குறைய 13 பேர் சைக்கிளில் வேலைக்குப் போவதாகக் கணக்கிட்டிருந்தார்கள். அவர்கள் யார் என்று காலை ஆறு மணியிலிருந்து சாலையில் நின்று பார்த்தால் தெரியும்: இரவு வேலை முடிந்து திரும்பும் காவற்காரர், கேரியரில் கூடை கட்டிய பூக்காரர், சென்ட்ரிங் வேலைக்குச் சோற்றுத் தூக்கோடு போகும் இளைஞர், மூன்று வீடுகளில் சமைத்துவிட்டு நான்காம் வீட்டுக்கு விரையும் அம்மாள். அவர்களுக்கு ஒரு மணி நேரத் தாமதம் அரை நாள் கூலி. அரசாங்கம் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுத்துவருகிறது. தனி வகுப்பு முடிந்து இருட்டும் நேரத்தில் காற்றிறங்கிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிற ஒரு பதினொன்றாம் வகுப்புப் பெண்ணிடம், நீயே ஒட்டக் கற்றுக்கொள் என்று நண்பர் சொல்லுவாரா?

அந்தத் திங்கட்கிழமை எனக்கு வேறொரு ஞானமும் கிடைத்தது. ஓட்டை சிறிதாயிருந்தால் காற்றை மட்டும் அடித்துக்கொண்டு எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடலாம் என்று எண்ணி, வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கினுள் நுழைந்தேன். காற்றை இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்பது பங்க்குகளுக்குள்ள விதி. அங்கிருந்த பையனும் முகங்கோணாமல் குழாயை இழுத்துக்கொண்டு வந்தான். ஆனால் குழாயின் வாய் என் வால்வில் பொருந்தவில்லை. மோட்டார் வண்டிகளின் வால்வு ஷ்ரேடர் என்ற ஜாதி. சாமானியர் சைக்கிளில் இருப்பது டன்லப்பின் பெயரால் வழங்குகிற பழைய ஜாதி. கியர் சைக்கிள்கள் பலவற்றில் மோட்டார் வால்வையே வைத்துவிடுகிறார்கள். ஆகவே என் நண்பரின் சைக்கிளுக்கு அந்த இலவசக் காற்று ஏறும், காவற்காரரின் சைக்கிளுக்கு ஏறாது. இடையில் திருகிக்கொள்ளும் ஒரு சிறிய பித்தளைத் துண்டு இருந்தால் இந்தப் பேதம் தீர்ந்துவிடும். ஒரு டீயும் வடையும் வாங்கும் காசுக்கு மேல் அதற்கு ஆகாது.

2014-ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. பாராளுமன்றம் தெருவோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைக் காக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தச் சட்டத்தில் வியாபாரி என்பவர் பண்டம் விற்பவர் மட்டுமல்லர், தெருவில் அமர்ந்து பொதுமக்களுக்குச் சேவை செய்பவரும் ஆவார். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது அவர்களைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்று கொடுக்கும்வரை எவரையும் எழுப்பக்கூடாது. அதே ஆண்டில் சென்னை மாநகராட்சி, நடப்பவரையும் சைக்கிள் மிதிப்பவரையும் முன்னிறுத்தும் மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் அவர்களுக்கென்று செலவாகவேண்டும் என்ற நல்ல எண்ணமும் அதில் உண்டு. இரண்டையும் நான் வரவேற்கிறேன், புதிய நடைபாதைகளையும் வரவேற்கிறேன். நடக்க இடமில்லாமல் பஸ்ஸுக்கும் சாக்கடைக்கும் நடுவே ஜனங்கள் தத்தளித்த காலத்தைப் பார்த்தவன் நான். ஆனால் ஒரு கொள்கை சைக்கிள்காரனை நினைக்கிறது, ஒரு சட்டம் தெருவோரத் தொழிலாளியை நினைக்கிறது. சைக்கிள்காரனை ஓடவைக்கிற தெருவோரத் தொழிலாளி ஒருவர் இருக்கிறார் என்பது இரண்டுக்கும் நடுவில் நழுவிப் போயிருக்கிறது.

எப்படி நழுவியது என்பதைப் பெரியவரே பின்னால் என்னிடம் சொன்னார். அவரை யாரும் விரட்டவில்லையாம். வேலை நடக்கப்போகிறது என்று பெட்டியையும் சட்டியையும் தாமாகவே தூக்கிக்கொண்டு போனார். நான்கு மாதம் கழித்து வந்து பார்த்தால், வேலை மிக நன்றாக முடிந்திருந்தது, பெட்டி வைக்கத்தான் இடமில்லை. விரட்டினால் தடுக்கச் சட்டம் இருக்கிறது. வரைபடத்தில் இல்லாமற்போனவருக்கு எந்தச் சட்டத்தைக் காட்டுவது?

நடைபாதைக்குப் படம் வரைகிற பொறியாளர்களை நான் வேண்டிக்கொள்வது அதிகமன்று. மரத்துக்கு ஒரு வட்டமும், குப்பைத்தொட்டிக்கு ஒரு சதுரமும், மின்பெட்டிக்கு ஒரு செவ்வகமும் வரைகிறீர்கள். கிலோமீட்டருக்கு ஒன்றாக, நாலடிக்கு நாலடி, ஒரு பெட்டிக்கும் ஒரு சட்டிக்கும் ஒரு சைக்கிளுக்கும் இடம் வரையுங்கள். தண்ணீர்க் குழாய்கூட வேண்டாம், அவர் கொண்டுவந்துகொள்வார். வியாபாரிகளைக் கணக்கெடுக்க வருகிறவர்கள் இளநீரையும் பூவையும் எழுதியபின் பஞ்சர்காரரையும் எழுதிக்கொள்ள வேண்டும். மரத்தில் தொங்கும் டயரை ஆக்கிரமிப்பின் அடையாளமாகப் பார்க்காமல், பஸ் நிறுத்தத்தின் பலகையைப்போலப் பிரயாணிகளுக்குரிய ஓர் அறிவிப்பாகப் பார்க்க வேண்டும். பங்க்குகளில் அந்தப் பித்தளைத் துண்டு ஒரு சங்கிலியில் கட்டித் தொங்கட்டும்.

பெரியவரை மூன்று வாரம் விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டேன். பழைய இடத்திலிருந்து உள்ளே திரும்பும் இரண்டாவது சந்தில், பூட்டிக் கிடக்கும் ஒரு கடையின் படிக்கட்டில், காலை ஏழு மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணிவரை இருக்கிறார். சட்டி அதே சட்டிதான். டயரை மட்டும் தொங்கவிடவில்லை. கடைக்குச் சொந்தக்காரர் சம்மதிக்கவில்லையாம்.